சுவருக்குள் ஒரு நெரிசல்

கோடை பிறந்ததும் தில்லியின் பழைய அடுக்குமாடி வீடுகளில் தவறாமல் கேட்கும் வசனம் இது: “சுவரை உடைக்க வேண்டாம் சார், பழைய பைப்பிலேயே இடம் இருக்கிறது. ஏசி ஒயரையும் அதிலேயே இழுத்துவிடலாம்.” வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. பூச்சு வேலை மிச்சம், பெயின்ட் செலவும் மிச்சம்.

ஆனால் அந்தக் காலி இடம் வீணாகக் கிடப்பதல்ல. இரண்டு ஒயர்களுக்கு மேல் போனால் அவை பைப்பின் உள் குறுக்குவெட்டுப் பரப்பில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க மின் விதி. இங்கே மத்தியப் பொதுப்பணித் துறை, எந்த பைப்பில் எந்த ஒயர் எத்தனை போகலாம் என்று அட்டவணையே வைத்திருக்கிறது. நெருக்கித் திணித்தால் வளைவுகளில் ஒயரின் மேலுறை உரசிக் கிழியும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், சூடு.

2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் ஜோடி ஒன்று பைப்பில் தனியாகப் போனால், 30 டிகிரி வெப்பத்தில், சுமார் 24 ஆம்பியர் தாங்கும். வெப்பம் 40 டிகிரியானால் அதுவே 21 ஆகிவிடும். கூடவே வேறு இரண்டு சர்க்யூட்களும் அதே பைப்பில் முழு வேலை செய்தால், ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கி, தாங்கும் சக்தி 15 ஆம்பியருக்கும் கீழே இறங்கும். ஒயர் மாறவில்லை, அக்கம்பக்கம்தான் மாறியிருக்கிறது.

இதைத் தடுக்கத்தான் எம்சிபி இருக்கிறதே என்று தோன்றலாம். சிக்கல் அங்கேதான். போர்டில் உள்ள 20 ஆம்பியர் எம்சிபிக்குத் தன் வழியே ஓடும் மின்சாரம்தான் கணக்கு. பைப்புக்குள் எத்தனை ஒயர் என்பது அதற்குத் தெரியாது. 18 ஆம்பியர் ஓடினால் பேசாமல் இருக்கும். 70 டிகிரி வரை தாங்கக்கூடிய சாதாரண பிவிசி உறையோ உள்ளே மெல்ல இறுகி, வெடித்து, ஒருநாள் தாமிரத்தைக் காட்டிவிடும். தீ விபத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி பைப் போடுவதே சரியான வழி. சுவரை உடைக்க மனமில்லையா? சுவரின் மேலேயே பிவிசி கேசிங் பட்டை ஒட்டி ஒயரைக் கொண்டுபோகலாம். பார்க்க அவ்வளவு அழகில்லைதான். கரிந்த சுவர் அதைவிட அழகில்லை.