வளைஞ்ச சேஸை நிமித்தாதீங்க, மாத்துங்க



லோடு வண்டி அடிபட்டுப் போச்சுன்னு டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட சொன்னா, பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "இன்சூரன்ஸ் இருக்குல்ல மாமா, அதைக் குடுத்துட்டு வேற வண்டி எடுத்துக்குங்க." மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்கு அது சரியா இருக்கலாம். எங்களுக்கு அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. அதோட, அப்படிக் குடுத்த வண்டி அப்புறம் எங்க போகுதுன்னு யாரும் கேக்கிறதும் இல்லை. அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பிக்கப் வண்டிக்குச் சேஸ் வளைஞ்சு போனா நேர்மையான வழி ரெண்டுதான். ஒன்னு, புதுச் சேஸ் போடணும். இல்லைன்னா வண்டியை உடைச்சு இரும்புக்குப் போட்டுடணும். ஆனா நாட்டுல மூணாவதா ஒரு வழி ஓடிக்கிட்டு இருக்கு. வளைஞ்சதைக் காய்ச்சி, சம்மட்டியால அடிச்சு நிமித்தி, வெல்டு வச்சு, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு இன்னொரு ஏழை விவசாயி தலையில கட்டிடறது. இந்த மூணாவது வழியை அடைக்கணும். அதுக்கு முதல் வழியைச் சுலபமாக்கணும். புதுச் சேஸை நம்ம வீட்டு வாசல்லயே, வேப்பமரத்தடியிலயே ஒழுங்கா மாத்த முடியும். நாங்க மாத்தியிருக்கோம்.

சேஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இப்ப வர்ற கார்கள்ல பெரும்பாலும் உடம்பும் எலும்பும் ஒன்னு. பிக்கப் அப்படி இல்லை. அடியில ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், கேபின், பின்னாடி லோடு பாடி, கமான் பட்டை எல்லாம் அந்த ஏணி மேலதான் உக்காந்திருக்கு. அதனாலதான் ஒவ்வொன்னா கழட்டி வச்சுட்டு அடியில இருக்கிற ஏணியை மட்டும் மாத்த முடியுது. இப்படிக் கழட்டி மாட்ட முடியறது ஒரு பெரிய வசதி. அது எங்களுக்குத் தெரியும், விக்கிறவங்க யாரும் அதை விளம்பரத்துல சொல்றதில்லை.

எங்க வண்டிக்கு ஏழு வயசு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி, முருங்கை ஏத்திட்டுப் போற வண்டி. போன வருஷம் ஐப்பசி மழையில, விடியறதுக்கு முன்னாடி, எதிர்ல வந்த டிப்பர் லாரி ஒன்னு தன் பக்கத்தை விட்டு ஏறி வந்து வலது முன்பக்கம் அடிச்சிடுச்சு. ஓட்டிட்டுப் போன என் தங்கச்சி மகனுக்குக் கை எலும்பு முறிஞ்சதோட போச்சு, குலசாமி புண்ணியம். வண்டிக்கு வலது சட்டம் பின்னாடி தள்ளிப் போயிடுச்சு.

ஒர்க்‌ஷாப்ல போட்ட எஸ்டிமேட், வண்டியோட இன்சூரன்ஸ் மதிப்புல முக்கால் பங்கைத் தாண்டிடுச்சு. பழுது பாக்குற செலவு அந்த மதிப்புல 75 சதவீதத்துக்கு மேல போனா 'டோட்டல் லாஸ்'னு முடிவு பண்றது இன்சூரன்ஸ் வழக்கம். மதிப்புன்னு சொல்றது நீங்க வண்டி வாங்கின விலை இல்லை. முதல் ஆறு மாசத்துலயே 5 சதவீதம் கழியும், நாலு வருஷம் தாண்டினா பாதி கழிஞ்சிடும். அஞ்சு வருஷத்துக்கு மேல போச்சுன்னா அவங்களும் நாமளும் பேசி முடிக்கிறதுதான் விலை. அந்தப் பணத்துல அதே மாதிரி ஒரு நல்ல வண்டி கிடைக்காது. புதுசு எடுக்கணும்னா ஒன்பது பத்து லட்சம், திரும்பவும் அஞ்சு வருஷம் தவணை. தக்காளி எந்த வருஷம் விலை போகும், எந்த வருஷம் ரோட்டுல கொட்டுவோம்னு எங்களுக்கே தெரியாது. அதை நம்பி எப்படிங்க தவணை கட்டறது?

அதுக்குள்ள ஒர்க்‌ஷாப் வாசல்லயே ரெண்டு புரோக்கர் வந்து நின்னுட்டாங்க. "அப்படியே குடுத்துடுங்கண்ணா, ஆர்.சி. புக்கோட குடுங்க, நாங்க பாத்துக்கறோம்"னாங்க. என்ன பாத்துக்குவீங்கன்னு கேட்டேன். "நிமித்திடுவோம்"னாங்க. எங்க பக்கம் இது நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. இனி ஓடவே முடியாதுன்னு ஆன வண்டியோட பதிவை ரத்து செய்யணும்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 55ஆம் பிரிவு இருக்கு. ஆனா பேப்பர்ல செத்த வண்டி பெயிண்ட் அடிச்சுக்கிட்டு உயிரோட திரும்பி வர்றதை நான் என் கண்ணால பாத்திருக்கேன்.

நிமித்தினா என்ன தப்புன்னு கேப்பீங்க. ஒரு கம்பியை எடுத்து மடக்கி நேராக்கிப் பாருங்க. மடிஞ்ச இடம் மறுபடி முன்னாடி மாதிரி ஆகாது. சேஸ் இரும்பு, பலத்துக்காகவே பக்குவம் பண்ணின இரும்பு. அதை கேஸ் வச்சுச் சிவக்கக் காய்ச்சினா அந்தப் பக்குவம் போயிடும். சட்டத்தோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் பாரத்தைத் தாங்குது. அங்க வெல்டு வச்சா, வெல்டு ஓரத்துல இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். ஒரு பக்கச் சட்டம் பின்னாடி தள்ளியிருந்தா பின் சக்கரம் முன் சக்கரத்தோட தடத்துல வராது. வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும். டயர் ஒரு பக்கமே தேயும். பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்கும். காலி வண்டில இது ஒன்னும் தெரியாது. ஒன்றரை டன் ஏத்தி, மழை ரோட்டுல சட்டுனு பிரேக் போடும்போதுதான் தெரியும். அப்ப தெரிஞ்சு என்ன செய்ய?

அதனால மாத்தறதுன்னு முடிவு பண்ணினோம். லாரி செட்டுல இருபது வருஷம் வேலை பாத்த மெக்கானிக் ஒருத்தர் எங்க ஊர்ல இருக்காரு. அவரும் ரெண்டு பசங்களும், ஒத்தாசைக்கு நானும். பதினோரு நாள் வேலை. பேட்டரி வயரைப் பிரிச்சு, டீசல் டேங்கைக் காலி பண்ணிட்டுத்தான் மத்த வேலை. வயர், ஹோஸ், பிரேக் பைப் ஒவ்வொன்னையும் கழட்டறதுக்கு முன்னாடி செல்போன்ல படம் எடுத்து, துணி கட்டி நம்பர் போட்டு வச்சோம். இரும்புப் பைப்ல முக்காலி நட்டு, செயின் பிளாக் போட்டு லோடு பாடியைத் தூக்கினோம். அடுத்து ஸ்டீயரிங் ஜாயிண்டைப் பிரிச்சு கேபின். அப்புறம் எஞ்சினும் கியர் பாக்ஸும். கடைசியா அச்சும் கமானும். எல்லாம் முடிஞ்சப்ப வாசல்ல வண்டி இருந்த இடத்துல ஒரு கோணல் ஏணி மட்டும் கிடந்துச்சு.

அளவு பாக்குற முறை உங்களுக்கே புரியும். வீடு கட்டும்போது கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைக்கு மூலை கயிறு பிடிச்சு, ரெண்டு கயிறும் ஒரே நீளமான்னு பாப்பாரு. அதேதான் இங்கயும். சேஸ்ல இருக்கிற ஓட்டைகள்ல இருந்து தூக்குக்குண்டு விட்டு, கீழ சிமெண்ட் தரையில சாக்பீஸால புள்ளி வச்சு, குறுக்கா டேப் பிடிச்சு அளந்தோம். பழைய சேஸ்ல ரெண்டு குறுக்களவுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை வித்தியாசம். இதைத்தான் அந்தப் புரோக்கர்கள் சம்மட்டியால சரி பண்றேன்னாங்க. புதுச் சேஸை இறக்கினதும் அதையும் அதே மாதிரி அளந்துட்டுத்தான் மேல எதையும் ஏத்தினோம்.

"வீட்டுல செய்யறது ஆபத்தில்லையா?" ஆபத்துதான். ஜாக்கி மட்டும் குடுத்துட்டு அடியில படுக்கிறவன் உயிரோட விளையாடறான். நாங்க மரக்கட்டை அடுக்கிக் குடுக்காம யாரையும் அடியில விடலை. பழைய போல்ட் எதையும் திரும்பப் போடலை. எல்லாம் புதுசு, டார்க் ரெஞ்ச் வச்சு அளவா முடுக்கினது. பிரேக்ல காத்து எடுத்து, காலி வண்டியா ஊருக்குள்ள மெதுவா ஓட்டி, பிரேக் நேரா நிக்குதான்னு பாத்த பிறகு வீல் அலைன்மெண்டுக்கு டவுனுக்கு அனுப்பினோம். அதை வீட்டுல செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எதை நாம செய்யலாம், எதைக் கருவி இருக்கிறவன்கிட்ட விடணும்னு தெரிஞ்சு செய்யறவன்தான் மெக்கானிக்.

செலவு, கூலி எல்லாம் சேத்து புது வண்டி விலையில நாலுல ஒரு பங்குக்குள்ள முடிஞ்சுது. ஒர்க்‌ஷாப் கூலி இல்லாம புது எஸ்டிமேட் கொடுத்ததால இன்சூரன்ஸ்லயும் கொஞ்சம் வந்துச்சு. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு இரும்புச் சாமான்ல 40 சதவீதம் கழிச்சுட்டுத்தான் தருவாங்க. அதுவும் போக மிச்சம் கைக்காசு.

இரும்பு வேலை பதினோரு நாள்ல முடிஞ்சுது. பேப்பர் வேலை இழுத்தது நாலு மாசம். சேஸ்ல அடிச்சிருக்கிற பதினேழு எழுத்து நம்பர்தான் வண்டியோட அடையாளம். ஆர்.சி. புக்குல இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியில எதுவும் செய்யக்கூடாதுன்னு அதே சட்டத்துல 52ஆம் பிரிவு சொல்லுது. அதனால சேஸை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துல அனுமதி வாங்கணும். புதுச் சேஸ்ல நம்பரை நாமளா அடிக்கிறது குற்றம், அவங்க சொல்றபடிதான் பண்ணணும். அந்தச் சட்டத்துல எனக்குக் குறை ஒன்னும் இல்லை. நம்பர் இருக்கிற அந்தத் துண்டு இரும்பு காயலாங்கடைக்குப் போச்சுன்னா, திருட்டு வண்டிக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ். அதைக் கண்டிப்பா காவல் காக்கணும்.

எனக்குக் குறை வேற. ஒழுங்கா அனுமதி கேக்கிறவன் ஒவ்வொரு மேசையா அலையறான். எந்தப் பேப்பர், யார் கையெழுத்து, எத்தனை நாள்னு ஒரு இடத்துலயும் தெளிவா எழுதி வைக்கலை. அந்த நாலு மாசமும் நான் வாடகை வண்டியிலதான் சரக்கு ஏத்தினேன். நிமித்தி ஓட்டறவனுக்கோ ஒரு கேள்வியும் இல்லை. அவனோட நம்பர் மாறலையே! பழைய நம்பர், பழைய சேஸ், மேல புதுப் பெயிண்ட். எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, அதுக்கு மேல வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போகணும். அங்க லைட்டு, ஹாரன், பிரேக், புகை பாக்குறாங்க. குறுக்களவு டேப் பிடிச்சுப் பாத்த பிரேக் இன்ஸ்பெக்டரை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. ஆக, சரியாச் செய்யறவனுக்கு நாலு மாசம், தப்பாச் செய்யறவனுக்கு நாலு நாள். இப்படி இருந்தா ஜனங்க எந்தப் பக்கம் போவாங்க?

நான் கேக்கிறது மூணு விஷயம். ஒன்னு, டோட்டல் லாஸ்னு முடிவான வண்டியோட பதிவுல 'சேஸ் அடிபட்டது'ன்னு அன்னைக்கே ஏத்தணும். அடுத்து வாங்கறவன் செல்போன்லயே பாத்துக்கட்டும். ரெண்டாவது, சேஸ் மாத்த அனுமதிக்கு ஒரே மனு, இத்தனை நாள்னு ஒரு கெடு. வேலையை யார் செஞ்சாங்க, எங்க செஞ்சாங்கன்னு பாக்க வேண்டாம். முடிஞ்ச வண்டியைக் கடுமையா அளந்து பாருங்க. தப்பா இருந்தா ரோட்டுல விடாதீங்க. மூணாவது, வண்டி செய்யற கம்பெனிகள் சேஸையும் அதோட அளவுப் படத்தையும் கேக்கிற எல்லாருக்கும் தரணும். பழுது பாக்கும் உரிமைன்னு 2022ல மத்திய அரசோட நுகர்வோர் துறை ஒரு இணையதளம் தொடங்கி, விவசாயக் கருவி, வாகனம் எல்லாத்தையும் அதுல சேத்திருக்கு. நல்ல காரியம். அது கிராமத்து மெக்கானிக் கைக்கு அளவுப் படமா வந்து சேரணும்.

இதெல்லாம் உங்க பிரச்சினை இல்லைன்னு நினைக்காதீங்க. நாலு வழிச் சாலையில ராத்திரி உங்க காருக்கு முன்னாடி போற காய்கறி வண்டி நேரா போகுதா, நண்டு மாதிரி போகுதான்னு ஒரு நிமிஷம் பாருங்க. கோணலா போனா தள்ளியே வாங்க. அதை ஓட்டறவனும் பெரும்பாலும் ஏமாந்தவன்தான். பழைய பிக்கப் வாங்கப் போற சொந்தக்காரங்க யாராவது இருந்தா பெயிண்டைப் பாத்து மயங்க வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு சாக்கை விரிச்சு அடியில படுத்துப் பாக்கணும். சட்டத்துல காய்ச்சின கருப்பு இருக்கா, விளிம்புல வெல்டு இருக்கா, நம்பர் இருக்கிற இடம் ராவியிருக்கான்னு பாக்கணும். ஒரு டேப்பும் தூக்குக்குண்டும் அரை மணி நேரமும் போதும். அதுக்கு விக்கிறவன் சம்மதிக்கலைன்னா, பேசாம எந்திரிச்சு வந்துடச் சொல்லுங்க.