பேர் வைக்கும்போதே யோசிங்க பாஸ்!

ஃபீஸ் கட்ட கடைசி நாள். காலேஜில் பதினாறு கவுன்ட்டர் திறந்து வெச்சிருக்காங்க. ஆனா, 'ரெஜிஸ்டர் நம்பரின் முதல் நாலு எண்ணைப் பார்த்து கவுன்ட்டருக்குப் போகவும்'னு ஒரு போர்டு. ஒரே வருஷம் சேர்ந்தவங்களுக்கு அந்த நாலு எண்ணும் ஒண்ணுதானே? ஒரு கவுன்ட்டர்ல திருப்பதி க்யூ. மத்ததுல ஈ ஓட்டறாங்க!

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலும் இதே கூத்துதான். 2006-ல் அமேசான் ஆரம்பிச்ச எஸ்3-ஐ எடுத்துக்குங்க. அதுல ஒவ்வொரு ஃபைலுக்கும் 'கீ'னு ஒரு பேர் உண்டு. சாய்கோடெல்லாம் போட்டு ஃபோல்டர் மாதிரி தெரிஞ்சாலும், அது ஒரே நீளமான பேர்தான். இந்தப் பேர்களை அகராதி வரிசையில் அடுக்கி, பகுதி பகுதியாப் பிரிச்சு வெச்சிருக்கும்.

நாம என்ன பண்றோம்? '2025-06-14/10-30-05'னு தேதியையும் நேரத்தையும் முன்னாடி போடறோம். இன்னிக்கு வர்ற அத்தனை ஃபைலும் ஒரே பகுதியில் போய் மோதும். பழைய தேதிகள் இருக்கிற பகுதி நிம்மதியா தூங்கும்!

எஸ்3-ல் ஒரு ப்ரிஃபிக்ஸுக்கு, நொடிக்கு குறைந்தபட்சம் 3,500 தடவை எழுதலாம், 5,500 தடவை படிக்கலாம். கூட்டம் தொடர்ந்தால் அதுவே பகுதியைப் பிரிச்சுக்கும். ஆனா, உடனே நடக்காது. அதுவரை '503 ஸ்லோ டவுன்'தான் பதில். உங்க புரோகிராம் கொஞ்சம் பொறுத்து, இடைவெளியைக் கூட்டிக்கூட்டித் திரும்ப முயற்சி பண்ணலைன்னா... அந்த ஃபைல் போயே போச்சு!

வழி என்ன? ஃபைல் பேரை எம்டி5-ல் போட்டு, வர்ற விடையின் முதல் எழுத்தைப் பேருக்கு முன்னாடி ஒட்டுங்க: '7/2025-06-14/10-30-05'. பூஜ்யம் முதல் ஒன்பது, ஏ முதல் எஃப்... மொத்தம் பதினாறு. கூட்டம் பதினாறாப் பிரியும். குருட்டாம்போக்குல ஓர் எழுத்தைப் போடாதீங்க. எம்டி5-ன்னா, பேரை வெச்சே அந்த எழுத்தை மறுபடி கண்டுபிடிச்சுடலாம்.

இதுக்கும் விலை உண்டு. ஒருநாள் ஃபைல்களைப் பட்டியல் போட, இனி பதினாறு தடவை கேட்கணும். அதனால, தேவைக்கு மேல பிரிக்காதீங்க.

"2018 ஜூலையிலேயே இந்த வித்தையெல்லாம் வேண்டாம்னு அமேசான் சொல்லிடுச்சே?"னு சீனியர் கேட்பார். வாஸ்தவம்தான். அதுக்கு முன்னாடி, நொடிக்கு 100 எழுதுதல், 300 படித்தலைத் தாண்டினாலே இதைச் செய்யச் சொன்னாங்க. இன்னிக்கு வரம்பு உயர்ந்திருக்கே தவிர, ஒழிஞ்சுடலை. கூகுள் க்ளவுட் ஸ்டோரேஜ் இப்பவும் வரிசையான பேர்கள் வேண்டாம்னுதான் எச்சரிக்குது.

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இந்த வரம்பைத் தொடாது, பயப்படாதீங்க. ஆனா, வேலையில் சேர்ந்த முதல் மாசமே லட்சக்கணக்கான சென்சார்கள் அனுப்புற டேட்டாவை உங்ககிட்ட கொடுக்கலாம். வழக்கமான எஸ்3 பக்கெட்டில், பேரை மாத்தறதுன்னா காப்பி எடுத்துட்டுப் பழசை அழிக்கணும். கோடி ஃபைல் சேர்ந்த பிறகு ஞானம் வந்தால், கோடி காப்பி. பில்லும் ஏறும்!

அதனால, முதல் ஃபைலுக்கு முன்னாடியே ரெண்டு கேள்வி கேட்டுக்குங்க: நொடிக்கு எத்தனை வரும்? பிறகு எப்படித் தேடப்போறேன்? பதில் தெரிஞ்ச பிறகு பேர் வைங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!