எபிசியாட்டமி: கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு லக்னோவில் பேங்க் உத்தியோகம் பார்ப்பவன். ‘படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க’ என்று கடன் வாங்க வருபவர்களிடம் தினமும் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

“சுகப்பிரசவம்தான், ஆனா தையல் போட்டிருக்கு” என்பார்கள் நம் ஊரில். பெரும்பாலும் அந்தத் தையலுக்கு முன் நடப்பதுதான் எபிசியாட்டமி. குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில், பிறப்பு வழிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள சதையைக் கத்தரியால் வெட்டி வழியைப் பெரிதாக்குவது. காயம் ஆசனவாய்ப் பக்கம் போகாமலிருக்கச் சாய்வாக வெட்டுவார்கள். மரத்துப்போக ஊசி உண்டு. தானே கரையும் நூலில் தைப்பார்கள்.

தானாகக் கிழிவதைவிட இது மேல் என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் செய்தார்கள். ஆராய்ச்சி அதை ஏற்கவில்லை. இயல்பாகப் பிரசவிக்கும் பெண்களுக்கு இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. ஆயுதம் போட்டு எடுக்கும்போதோ, குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து அவசரமாக எடுக்கும்போதோ தேவைப்படலாம். அது வேறு.

“டாக்டருக்குத் தெரியாததா?” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். தெரியும்தான். ஆனால் உடம்பு நம் வீட்டுப் பெண்ணுடையது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது இதுதான்: உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. சம்மதிக்க வேண்டியவர் நோயாளி. கணவரோ மாமியாரோ அல்ல.

வலி எடுத்த பிறகு இதெல்லாம் பேச முடியாது. அதிலும் ஊரை விட்டு வந்த நமக்கு, லேபர் ரூமில் பேச்செல்லாம் இந்தி. அதனால் ஏழாம் மாதத்திலேயே கேளுங்கள். எல்லோருக்கும் செய்வீர்களா, தேவைப்பட்டால் மட்டுமா? அவளிடம் சொல்லிவிட்டுச் செய்வீர்களா? ஊசி போடுவீர்களா? பிரசவிக்கப் போகிற பெண்ணுக்கு இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: ‘சீரா’ என்றால் வெட்டு, ‘டாங்கா’ என்றால் தையல்.

கேள்வி கேட்பது சண்டை இல்லை. நல்ல டாக்டர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். எரிந்து விழுந்தால், வேறு டாக்டர் பார்க்க இன்னும் இரண்டு மாசம் இருக்கிறதே!

டிஸ்கி: தையலில் வலி கூடினாலோ, காய்ச்சல், துர்நாற்றம் இருந்தாலோ பதிவு படித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.