ஈந்தவன் எழுதும் கணக்கு

போரால் நொறுங்கிய நாட்டிற்குப் புறநாட்டார் பொருள் ஈவதை அறச்செயலென்று உலகம் பாராட்டுகின்றது. பாராட்டட்டும். அப் பொருளால் விளைந்தது என்னவென்று அளக்குங்கால், அளவுகோல் எவர் கையில் உள்ளது என்பதன்றோ வினா?

ஆப்கானித்தானை நோக்குவோம். 2002 முதல் 2021 வரை அந்நாட்டு மறுகட்டமைப்புக்கென அமெரிக்கா ஒதுக்கியது ஏறத்தாழ 14,500 கோடி தாலர். 1948இல் தொடங்கி, மேலை ஐரோப்பாவின் பதினாறு நாடுகளை நிமிர்த்திய மார்சல் திட்டத்தின் தொகையை, விலையேற்றத்தைக் கணக்கிட்டுப் பார்த்தாலும் இது விஞ்சும். ஆங்கு, பொருளைப் பெற்ற நாடுகளே கூடியமர்ந்து பங்கீட்டைத் திட்டமிட்டன, போரும் ஓய்ந்திருந்தது. ஈங்குப் போர் ஓயவேயில்லை. தொகையிற் பாதிக்கு மேல் படைக்கும் காவலுக்குமே சென்றது. அப் படையும் 2021இல் காபூல் வீழ்ந்தபோது கரைந்தொழிந்தது.

வானூர்திக் கதையொன்றைக் கேளுங்கள். இத்தாலியில் செய்த இருபது பழைய வானூர்திகளைப் புதுக்கி வாங்கும் திட்டத்திற்கு 54.9 கோடி தாலர் செலவு. உதிரி உறுப்புகளின்றி அவை பறவாது கிடந்தன. அவற்றுள் பதினாறை 2014இல் உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றனர். கிடைத்தது ஏறத்தாழ 40,000 தாலர்!

இதனை வெளிப்படுத்தியதும் 2008இல் அமெரிக்கா அமைத்த தனிக் கண்காணிப்பு அலுவலகமே. அதன் நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஓராண்டிற்குள் மாறிச் செல்லும் அலுவலர், ஒதுக்கியதை விரைந்து செலவழிக்கும் நெருக்கடி, செலவழித்ததையே வெற்றியாகக் கொண்ட மடமை ஆகியவற்றை அது மறைக்காமல் எழுதியது. தேர்வெழுதிய மாணவனே விடைத்தாளைத் திருத்தி, நிரப்பிய பக்கங்களை எண்ணி மதிப்பெண் இட்டுக்கொண்டது போன்றது இது. பசுதோவும் தாரியும் அறியாத அலுவலர், எந்த ஊரில் எவரிடம் சென்று, உமக்கு வேண்டுவது யாதெனக் கேட்டிருக்க இயலும்?

நன்மையே விளையவில்லை என்போமல்லோம். குழந்தை இறப்புக் குறைந்தது; பெண்மக்கள் பள்ளி புகுந்தனர். ஆயினும், அப் பள்ளிகளின் கதவு 2021இலிருந்து ஆறாம் வகுப்பிற்கு மேல் அவர்களுக்கு அடைபட்டுள்ளது. அடைத்தவர் தாலிபான்கள். கட்டடத்தை எண்ணியவர் இதனை எப் பத்தியில் எழுதுவர்?

இன்னொன்று. ஆப்கானித்தான் நடுவண் வைப்பகம் அமெரிக்காவில் வைத்திருந்த ஏறத்தாழ 700 கோடி தாலர் 2021இல் முடக்கப்பட்டது. அதிற் பாதி 2022இல் சுவிட்சர்லாந்தில் அமைந்த தனிப் பொருளறத்திற்கு மாற்றப்பட்டது. அது எவரும் ஈந்த கொடையன்று. அம் மக்களின் சொந்தப் பணம். ஈந்ததை ஏடேடாய் எழுதியவர், பிடித்து வைத்ததையும் அதே ஏட்டில் எழுதுவாரா?