விளிக்கப்பட்டவள் எங்கே?

'வொய் திஸ் கொலவெறி டி' காணொளியில் பெண்ணுடல் காட்சிக்கு வைக்கப்படவில்லை. இடுப்பு இல்லை, தொப்புள் இல்லை, மழையில் நனையும் சேலை இல்லை. அதனால் அது பெண்களுக்குக் கெடுதல் செய்யாத பாட்டு என்று இன்றும் என்னிடம் வாதாடுகிறார்கள். நான் மறுக்கிறேன். உடலைக் காட்டாமலேயே ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியும். அதைத்தான் அந்தக் காணொளி செய்கிறது.

2011 நவம்பரில், '3' படம் வருவதற்கு முன்பே அது யூடியூபில் வெளியானது. ஓர் ஒலிப்பதிவுக் கூடம். தனுஷ் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடுகிறார். அனிருத் உடன் இருக்கிறார். படத்தின் இயக்குநர் ஐஸ்வர்யாவும் நாயகி ஸ்ருதி ஹாசனும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் எதையும் திட்டமிடாதது போன்ற தோற்றம். ஆனால் அது படத்துக்கான விளம்பரம். மனிதர் செய்துவைத்ததை இயற்கையாக நடப்பதுபோல் காட்டுவதையே ரோலான் பார்த் 1957இல் 'தொன்மம்' என்று விளக்கினார். நண்பர்கள் கூடிச் சிரிக்கும் அறை என்றதும் நாம் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறோம்.

லாரா மல்வி 1975இல் சினிமாவின் பார்வையை மூன்றாகப் பிரித்தார்: கேமராவின் பார்வை, ரசிகரின் பார்வை, திரைக்குள் இருப்போர் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. வழக்கமாக மூன்றும் பெண்ணுடல் மேல் போய் விழும். இங்கே மூன்றும் பாடும் ஆணின் மேல் விழுகின்றன. அதனால் அவன் காட்சிப்பொருள் ஆகிவிடுவதில்லை. வலியைச் சொல்பவன் ஆகிறான். கதையை நடத்துபவனும் அவனே. எந்தப் பெண்ணை எப்படிக் காட்டுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் இந்தக் காணொளி தப்பித்துவிடும். யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

தமிழில் 'டி' என்பது எதிரில் இருப்பவளை விளிக்கும் சொல். நெருக்கத்திலும் வரும், இழிவுபடுத்தவும் வரும். எப்படி வந்தாலும் கேட்க ஒருத்தி வேண்டும். இங்கே அவள் இல்லை. பாட்டு தொடக்கத்திலேயே பையன்களைத்தான் அழைக்கிறது; 'சூப் சாங்' என்று தனக்குப் பெயரும் சூட்டிக்கொள்கிறது. வழக்கு அவள் மேல்; தீர்ப்பு சொல்வது அவன் கூட்டாளிகள். அவள் நிறத்தைச் சொல்லி மனதைப் பழிக்கும் இடத்திலும் பதில் சொல்ல அவளுக்கு ஒரு வரி கிடையாது. "இயக்குநரே பெண்தானே?" என்கிறார்கள். அறையில் பெண் இருப்பது வேறு, பாட்டில் பெண்ணுக்குக் குரல் இருப்பது வேறு.

கொலவெறி யாருக்கு? பாட்டின்படி அவளுக்கு. காதல் கைகூடவில்லை, அதுதான் அவள் குற்றம். நாட்டு நடப்பு என்ன? 2012 நவம்பரில், பாட்டு வந்த ஒரே வருடத்தில், காதலை மறுத்த இளம் பொறியாளர் ஒருவர் மீது காரைக்காலில் ஒருவன் ஆசிட் வீசினான். பார்வை இழந்து, 2013 பிப்ரவரியில் அவர் இறந்தார். அந்தப் பாட்டுதான் இதைச் செய்யவைத்தது என்று நான் சொல்லவில்லை. பாட்டுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் மறுக்கப்பட்டவனே பாதிக்கப்பட்டவன், மறுத்தவளே வெறிபிடித்தவள் என்று ஊரே சேர்ந்து தாளம் போடப் பழகினால், உண்மையில் வெறிகொண்டு வருபவனுக்கும் "பாவம், காதல் தோல்வி" என்ற அனுதாபம் தயாராக இருக்கும்.

ஊடகம் சொல்வதைப் பார்ப்பவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்றார் ஸ்டூவர்ட் ஹால். பாட்டை ரசிக்க வேண்டாம் என்று உங்களிடம் நான் கேட்கவில்லை. மெட்டு நன்றாகவே இருக்கிறது. எதிர்த்து வாசியுங்கள் என்கிறேன். சூப் பாட்டு எதைக் கேட்டாலும், அவளை விளித்துவிட்டு அவளை ஏன் கூப்பிடவில்லை என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்பது ஒரு பதில். அதற்குக் காரணம் சொல்லும் கடமைகூட அவளுக்கு இல்லை.