உப்பு விளையும் ஊரில் உப்பில்லை



நேற்று அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் ஒரு பக்கெட் உப்பு வாங்கப் போனேன். கடைக்கார நானா கையை விரித்தார். "சேர், காலையில அம்பது பக்கெட் வந்திச்சு. ஒன்பது மணிக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு. ஒரு ஆளே பத்து பக்கெட் கேக்குறாங்க. தெரிஞ்ச முகம், இல்லையெண்டு எப்பிடிச் சொல்ற?"

புத்தளம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போய் வருகிற நமக்கு இப்படி ஒரு காலம் வந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

உப்பு குறைந்தது உண்மைதான். பாத்தியில் விட்ட கடல்நீர் வெயிலிலும் காற்றிலும் வற்றித்தான் உப்பாகிறது. வற்றி வரும் நேரத்தில் மழை கொட்டினால் விளைந்ததும் கரைந்து போகும். இங்கும் அம்பாந்தோட்டையிலும் மழை அதைத்தான் செய்தது. இந்தியாவிலிருந்து உப்புக் கொண்டுவர அரசாங்கம் அனுமதியும் கொடுத்தது. ஆக, தட்டுப்பாடு பொய்யில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கடையில் ஒன்பது மணிக்கு முன்னால் உப்பு முடிந்ததற்கு மழை மட்டும் காரணமில்லை.

நான் கணக்கு வாத்தியார், கணக்கிலேயே சொல்கிறேன். ஐந்து பேருள்ள வீட்டுக்கு 400 கிராம் பக்கெட் ஒன்று கிட்டத்தட்ட இரண்டு கிழமை ஓடும். பத்துப் பக்கெட் வாங்கியவரின் வீட்டில் இப்போது ஐந்து மாதத்துக்கு உப்பு இருக்கிறது. நேற்று வந்த ஐம்பதும் ஐந்து வீட்டுக்குள் போய்விட்டன. ஆளுக்கு ஒன்று எடுத்திருந்தால் ஐம்பது வீட்டில் இரண்டு கிழமைக்குச் சோறு ருசியாக இருந்திருக்கும். அதற்குள் கடைக்கு அடுத்த லோட் வந்திருக்கும்.

யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவராக நானும் ஒரு காலத்தில் இருந்தேன்.

2021 ஒக்டோபர் ஞாபகம் இருக்கும். பால்மா, கேஸ், கோதுமை மா, சீமெந்து எல்லாவற்றுக்கும் கட்டுப்பாட்டு விலையை எடுத்துவிட்டார்கள். 400 கிராம் பால்மா 380 ரூபாயிலிருந்து 480 ஆனது. 12.5 கிலோ கேஸ் 1,493இலிருந்து ஒரேயடியாக 2,675க்குப் போனது. அதற்குச் சில நாள் முன்னால், விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு, மூன்று கடை ஏறி இறங்கி பன்னிரண்டு பக்கெட் பால்மா வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன். மாதச் சம்பளக்காரன், கையில் காசு இருந்தது. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்த நினைப்பு எனக்கு.

அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு ராத்தா வந்தார். மாப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். பிள்ளைக்கு ஒன்றரை வயது. "ஒரு பக்கெட் கடனாத் தருவீங்களா, காசு இருக்கு, கடையில சாமான்தான் இல்ல" என்றார். கொடுத்தோம். ஆனால் அவர் போன பிறகு என் மனைவி ஒன்றும் பேசாமல் அலுமாரியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த ராத்தாவின் பிள்ளைக்குப் போக வேண்டிய பாலைத்தான் நான் எடுத்து மேலே வைத்திருந்தேன்.

நம் கரையில் பாதிப் பேர் அன்றாடம் உழைத்து அன்றாடம் சாமான் வாங்குகிறவர்கள். போட் கரைக்கு வந்து மீன் விற்ற பிறகுதான் அரிசி. அவர்கள் கடைக்கு வரும் நேரத்தில் தட்டு காலியாக இருந்தால், முன்னதாக வாங்கி வைக்காதது அவர்கள் குற்றமில்லை. வாங்க அவர்களிடம் நேற்றுக் காசு இருக்கவில்லை, அவ்வளவுதான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது முதலில் அடிபட்டதும் இதே வீடுகள்தான்.

இந்த முறை இன்னொன்றும் இருக்கிறது. நமக்கு உப்பு கறிக்கு மட்டும். கருவாடு போடும் பெண்களுக்கு அதுதான் தொழில். மூன்று நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பாவது வேண்டும். பட்ட மீன் உப்பில்லாமல் பின்னேரம் வரை தாங்காது, வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். நம் குசினியில் ஐந்து மாதத்துக்குத் தூங்கப்போகிற உப்பு அவர்களுக்கு இந்தக் கிழமைக் கூலி.

"அப்போ சேர், சேர்த்து வைக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். வைக்க வேண்டும். நம் உம்மாமார் வைத்தார்கள். கச்சான் காற்று தொடங்கி கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கென்று அரிசி, கருவாடு, கொப்பரா, புளி எல்லாம் பானையிலும் பரணிலும் இருக்கும். ஆனால் அவர்கள் அதைச் சேர்த்தது கடல் அமைதியாக இருந்த காலத்தில், மீனும் காசும் தாராளமாக வந்தபோது. கடை காலியான நாளில் ஓடிப்போய் அள்ளவில்லை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் குடும்பத்துக்கு ஒரு வருட உணவை எடுத்து வைத்ததாக ஹதீஸில் வருகிறது. பதுக்குகிறவரைப் பாவி என்று கண்டித்ததும் ஹதீஸில்தான் வருகிறது. மார்க்க விளக்கத்தை மௌலவிமார் சொல்லட்டும். எனக்கு விளங்கிய வரை வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. சாமான் நிறைந்து கிடக்கும்போது மாதம் ஒரு பக்கெட் கூட வாங்கி வைத்தால் யாருக்கும் குறையாது. இன்று வாங்கினால் இன்னொருவருக்குக் குறையும்.

எதை வைப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். உப்பு, சீனி கெடாது, ஈரம் படாமல் இருந்தால் போதும். பருப்பும் அரிசியும் சில மாதம், வண்டு வராமல் பார்க்க வேண்டும். பழையதை முதலில் எடுத்துச் சமைத்துப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். என் பன்னிரண்டு பால்மாவில் கடைசி இரண்டு கட்டி பிடித்துப் போனதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெற்றோலை மட்டும் யாரும் வீட்டில் வைக்க வேண்டாம். 2022இல் கேனில் வைத்து எரிந்துபோனவர்களின் செய்தியை எல்லோரும் பார்த்தோம்.

நான் இரண்டு விஷயம் கேட்கிறேன். கடை வைத்திருக்கும் நானாமார், உப்பு சீராக வரும் வரை ஆளுக்கு ஒரு பக்கெட் என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். எழுதிவிட்டால் தெரிந்த முகத்துக்கு இல்லை என்று சொல்லும் சங்கடம் இருக்காது. எழுத்து அழகாக வேண்டுமென்றால் என்னிடம் அனுப்புங்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

மற்றது, சம்பளம் எடுக்கும் நாம் பத்து இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு சாமான் சீட்டுத் தொடங்கலாம். மலிவாக இருக்கும்போது மூட்டையாக வாங்கி பள்ளிவாசல் ஸ்டோர் அறையில் வைப்போம். கச்சான் காலத்தில் கடலுக்குப் போக முடியாத வீடுகளுக்கு வாங்கிய விலைக்கே கொடுப்போம், கடனுக்கும் கொடுப்போம். நிர்வாக சபையில் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வெளி விறாந்தையில் இருப்பேன். கொப்பியை நான் கொண்டு வருகிறேன், கணக்கு என் பொறுப்பு.

நேற்றுப் பத்துப் பக்கெட் வாங்கியவர் இதை வாசித்தால், பெயர் சொல்லத் தேவையில்லை. கருவாட்டு வாடியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாங்கிய விலைக்கே ஐந்தைக் கொடுத்துவிடுங்கள்.