கண்டனம் என்ற சொல்லின் எடை

'சென்ஷர்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'சென்சார்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. பண்டைய ரோமில் குடிமக்களின் நடத்தையை ஆராய்ந்து குறை சுமத்திய அதிகாரியின் பதவிப் பெயரே அந்த வேர். பின்னது தணிக்கை எனப் பொருள்பட்டது. முன்னது நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானமாயிற்று.

இதனை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தோடு குழப்பிக் கொள்வோர் பலர். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் கூறத் தேவையில்லை. மக்களவையில் அதை விவாதத்துக்கு ஏற்க 50 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். அது அமைச்சரவை முழுவதற்கும் எதிரானது. நிறைவேறினால் அரசு விலகியாக வேண்டும். கண்டனத் தீர்மானமோ காரணத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். தனியோர் அமைச்சர் மீதும் அதைக் கொண்டுவரலாம். நிறைவேறினாலும் அரசு பதவி விலக வேண்டிய கட்டாயமில்லை.

குஜராத் கலவரம் தொடர்பாக 2002-ல் மக்களவையில் 184-வது விதியின் கீழ் எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த கண்டனத் தீர்மானத்துக்கு ஆதரவாக 182 வாக்குகளும் எதிராக 276 வாக்குகளும் பதிவாயின. தோற்றாலும், யார் எந்தப் பக்கம் நின்றனர் என்பது அவைக்குறிப்பில் நிலைத்தது. மணிப்பூர் வன்முறையை முன்வைத்து 2023-ல் வந்ததோ நம்பிக்கையில்லாத் தீர்மானம். பெரும்பான்மை பெற்றிருந்த அரசு குரல் வாக்கெடுப்பிலேயே அதை முறியடித்தது. அரசின் ஆயுளே கேள்வியாகும்போது, தவறு யாருடையது என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது.

'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என நாள்தோறும் அறிக்கை விடுவதற்குச் செலவில்லை. அவையில் கண்டிப்பதற்குக் காரணமும் வாக்கும் தேவை. அதற்கு அவைத் தலைவர்கள் தாராளமாக இடமளித்தால்தான், அமைச்சர் தம் துறையின் தவறுக்குப் பதில் சொல்லும் மரபு பிழைக்கும்.